ஒரே சீருடை, ஒன்பதரைப் புள்ளி

பக்கத்துத் தெருப் பள்ளியில் மாணவர் பத்திரிகை ஒன்று வருகிறது என்ற செய்தி எங்கள் முதல்வரின் காதுக்கு ஒரு திங்கட்கிழமை காலை எட்டியது. அன்று மதியமே எங்கள் பள்ளிக்கும் ஒரு பத்திரிகை இருந்தது. அதில் பக்கங்கள் இல்லை, செய்தி இல்லை, எழுத ஆளில்லை. ஆனால் பெயர் இருந்தது. முதல் பக்கத்துக்கான முதல்வரின் படமும் இருந்தது. மிச்சமிருந்த சில்லறை வேலையைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே கம்ப்யூட்டர் டீச்சர்?"

அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்து நான்தான் கம்ப்யூட்டர் டீச்சர். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

"ஆமா சார்."

"பேப்பரெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதானே பண்றாங்க?"

"ஆமா சார்."

"அப்ப முடிஞ்சுது."

அவரைப் பொறுத்தவரை உண்மையிலேயே அங்கேயே முடிந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தன்று எட்டுப் பக்கம் அச்சாகி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு, நிறுவன ஆண்டறிக்கை, தையல் மெஷின் கையேடு என்று எது வந்தாலும் உட்கார்ந்து கட்டம் கட்டுவேன். அந்த மென்பொருளைப் போல ஒழுங்கான ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. தப்பு நடந்தால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் போட்டுக் காட்டும்; ஊரைக் கூட்டாது. மனிதர்களோடு வேலை பார்க்க வந்தபின் அதன் அருமை இன்னும் கூடிப்போனது.

எங்கள் ஆய்வகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு, வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட துணி உறை. கம்ப்யூட்டர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்று யாரோ கண்டுபிடித்ததால் அங்கிருந்த ஏசியைக் கழற்றி முதல்வர் அறையில் மாட்டியிருந்தார்கள். பிரிண்டர் தனியாக இருந்தால் பயந்துகொள்ளும் என்பதால் அதுவும் அவர் அறையில்தான். வேகமான கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் பள்ளிமணி அடிக்கும் நேரத்தைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது என்று உத்தரவு.

பத்திரிகைக் குழுவுக்கு வகுப்பாசிரியர்கள் ஆளனுப்பினார்கள். வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாதவர்களையெல்லாம் அனுப்பினார்கள் என்று சொன்னால் அது அவதூறு. பெரும்பாலானவர்களை அனுப்பினார்கள் என்பது சரியாக இருக்கும். அவர்களில் இரண்டு பேர் கதைக்கு முக்கியம். ஒருவன் கலர். மென்பொருளில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனையையும் ஒரே தலைப்பில் போட்டுப் பார்த்தவன். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. இன்னொருத்தி கட்டம். ஒன்பதாம் வகுப்பு. நோட்டில் எதை எழுதினாலும் சுற்றி ஸ்கேல் வைத்துக் கட்டம் போடாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

முதல் வகுப்பில் எல்லோரும் எனக்கு முன்பே எல்லாம் தெரிந்துவைத்திருந்தார்கள். எழுத்தை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். படம் சின்னதாக இருந்தால் மூலையைப் பிடித்து, முகம் பூசணிக்காய் ஆகும்வரை இழுக்க வேண்டும்.

"எல்லாரும் கையை எடுங்க. இது லெட்டர் அடிக்கிற சாஃப்ட்வேர் இல்ல. இங்க வெறும் பக்கத்துல எழுத முடியாது. முதல்ல ஒரு பெட்டி போடணும். எழுத்து பெட்டிக்குள்ளதான் இருக்கும்" என்றேன்.

"வெளிய போகாதா மிஸ்?"

"போகாது."

"நம்ம ஹாஸ்டல் மாதிரி" என்றான் கலர்.

கட்டத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டி போட்டுக் காட்டி, அதில் ஒரு நீளமான கட்டுரையை ஊற்றினேன். பாதிதான் தெரிந்தது. பெட்டியின் கீழ்மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி வந்தது.

"மீதி எங்க மிஸ்? அழிஞ்சுபோச்சா?" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒரு பஸ் வருதுன்னு வெச்சுக்க. நிரம்பிடுச்சு. ஸ்டாப்புல பாதிப் பேர் நிக்கிறாங்க. பஸ் கிளம்பிடுச்சுன்னா அவங்க செத்துப்போயிட்டாங்களா?"

"இல்ல."

"வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்களா?"

"இல்ல மிஸ். அங்கேயே நிப்பாங்க."

"அதேதான். எடமில்லாத எழுத்து ஸ்டாப்புல நிக்குது. இந்தச் சிவப்பு பிளஸ், 'இன்னும் ஆளு இருக்கு'ன்னு கண்டக்டர் அடிக்கிற விசில். அடுத்த பெட்டி போட்டு இதோட இணைச்சா அதுல ஏறும். இல்ல, இதே பெட்டியில எடம் கெடச்சாலும் ஏறும். நீ ஒவ்வொருத்தரையா கூப்பிட வேண்டாம், வரிசை மாறாம தானா வந்து ஏறிக்குவாங்க."

"இந்தச் சிவப்பு பிரிண்ட்ல வருமா மிஸ்?"

"வராது. திரையில மட்டும்தான்."

அவள் அதை நோட்டில் எழுதினாள். சுற்றிக் கட்டம் போட்டாள்.

முதல் வரைவு தயாரானது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொருவர் செய்திருந்தார்கள். விளையாட்டுப் பக்கத்தின் எழுத்துக்கள் ஓடின. அறிவியல் பக்கத்தில் எழுத்துக்களிலிருந்து நெருப்பு வந்தது. கலர் செய்த கவிதைப் பக்கத்தைப் பார்த்தபின் கொஞ்ச நேரத்துக்கு வேறெதையும் பார்க்க முடியவில்லை. முதல்வர் அதைக் கையில் வாங்கியதும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதை நான் நேரில் கண்டேன். அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது.

'பத்திரிகையின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே எழுத்து, ஒரே அளவு. எழுத்துக்கும் சீருடை வேண்டும். முதல்வரின் செய்திக்கும் இதில் விலக்கு இல்லை.'

கடைசி வரியை எழுதியபோது அவருக்கே கண் கலங்கியிருக்கும். அவ்வளவு பணிவு.

நான் ஒரு சின்ன யோசனை சொன்னேன். "சார், உங்க செய்திக்கு மட்டும் தனி ஸ்டைல் வெச்சுக்கலாமே? பின்னால ஏதாவது மாத்தணும்னா மத்த பக்கத்தைத் தொடாம—"

"எனக்குன்னு தனிச் சட்டமா மேடம்?" என்றார் புண்பட்ட குரலில்.

சரி என்று ஒரே ஸ்டைல் வைத்தோம். ஸ்டைல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு முதல்வரே உதாரணம் கொடுத்துவிட்டார் அல்லவா? "நாளைக்கு யூனிஃபார்ம் பச்சைன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா, வீடு வீடா போய்ச் சொல்ல வேண்டியதில்ல. மொத்த ஸ்கூலும் பச்சையில வந்து நிக்கும். ஸ்டைல்ங்கிறது அந்த நோட்டீஸ் போர்டு. ஒரு எடத்துல மாத்தினா, அந்த யூனிஃபார்ம் போட்ட எழுத்து எந்தப் பக்கத்துல இருந்தாலும் மாறிடும்." ஸ்டைலின் பெயர் 'உடல்'. அளவு பன்னிரண்டு புள்ளி. எட்டுப் பக்கமும் கைகட்டி வரிசையில் நின்றது.

கட்டத்துக்குக் கிடைத்தது ஆறாம் பக்கம். தலைப்பை முதல்வரே கொடுத்திருந்தார்: 'நம் பள்ளியின் வசதிகள்.' அவள் மாணவியர் கழிப்பறையைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தாள்.

படித்தேன். கட்டடம் எப்போது கட்டப்பட்டது, யார் திறந்து வைத்தார்கள், எத்தனை சன்னல், ஓட்டின் நிறம் என்ன, தரையில் வழுக்காத ஓடு போட்டது ஏன் என்று முக்கால்வாசிக் கட்டுரை போனது. எல்லாமே உண்மை. அதன்பின் வந்ததும் உண்மை. அதுதான் சிக்கல்.

எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது. முன்பு இருந்தது. வெள்ளையடிக்கும்போது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட வர ஆள் கிடைக்காதவள் போக மாட்டாள். போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். கட்டத்தின் தங்கை ஆறாம் வகுப்பு. காலையில் அம்மா நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். போன மாதம் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"இதை நேராவே சொல்லிப் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"அம்மா வந்தாங்க மிஸ். அம்மா ஹார்ட்வேர் கடையிலதான் வேலை பார்க்கிறாங்க. தாழ்ப்பாள், ஸ்க்ரூ, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பையில போட்டு எடுத்துட்டே வந்தாங்க. அரை மணி நேரம் குடுங்க, நானே மாட்டிட்டுப் போறேன்னாங்க."

"சார் என்ன சொன்னாரு?"

"பள்ளிச் சொத்துல வெளியாள் ஓட்டை போடக் கூடாதாம். கமிட்டி முடிவு பண்ணுமாம்."

"எந்தக் கமிட்டி?"

"அதை அமைக்கறதுக்கும் ஒரு கமிட்டி வேணுமாம் மிஸ்."

தங்கை இப்போதும் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். மறுபடி தொற்று வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். "இந்தப் பக்கம் வந்தா எல்லா அம்மாவும் படிப்பாங்க மிஸ். ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பலாம். எல்லாரையுமா அனுப்புவாரு?"

அவள் பத்திரிகைக் குழுவில் சேர்ந்ததே இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நானும் அவளும் முதல்வர் அறைக்குப் போய், அங்கிருந்த பிரிண்டரில் அச்சுக்கு முந்தைய பிரதியை எடுத்துக் கொடுத்தோம். பிள்ளைகளின் ஏசி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆறாம் பக்கத்தைப் படிக்கும்போது முதல்வர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். 'வெள்ளை ஓடுகள்' வந்த இடத்தில் "பேஷ்" என்றார். அடுத்த வரியில் தலை நின்றது. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இதோட நிறுத்திக்கம்மா. 'கண்ணாடி போல் மின்னுகின்றன.' அருமையான முடிவு. இதுக்குக் கீழ ஒரு வரிகூட பேப்பர்ல தெரியக் கூடாது."

"சார், அதுதான் முக்கியமான—"

"நெகட்டிவா எழுதறது ஈஸிம்மா. யார் வேணாலும் எழுதலாம். பாசிட்டிவா எழுதறதுக்குத்தான் திறமை வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துக்குங்க மேடம். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டபிறகு யாரும் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது."

ஆய்வகத்துக்குத் திரும்பினோம். கட்டம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கடைசி வரிகளை அழிக்கவில்லை. பெட்டியின் அடிவிளிம்பைப் பிடித்து, 'மின்னுகின்றன' வரை மேலே தள்ளினாள். கீழே கிடைத்த வெற்றிடத்தில் கழிப்பறைக் கட்டடத்தின் படத்தை நுழைத்தாள். மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பிளஸ் எரியுதே" என்றேன்.

"பிரிண்ட்ல வராதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? பேப்பர்ல தெரியக் கூடாதுன்னாரு. தெரியல" என்றாள். "அழிக்க மனசு வரல மிஸ். ஸ்டாப்புலயே நிக்கட்டும்."

கலர் எட்டிப் பார்த்தான். "ஏய், எத்தனை நாளைக்கு நிப்பாங்க? அந்த ரூட்ல பஸ்ஸே கெடையாதே!"

"உன் வாய்க்கு ஒரு பெட்டி போடறேன் பாரு" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை.

முதல்வர் கேட்டது காகிதத்தில் தெரியக் கூடாது என்பதுதான். காகிதத்தில் தெரியவில்லை. உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய மாணவியைத் திருத்த எனக்கு அதிகாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் அறைப் பிரிண்டரில் புதிய பிரதி எடுத்துக் கொடுத்தேன். எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆறாம் பக்கத்தில் மட்டும் கையெழுத்துக்குக் கீழே 'மிக நன்று' என்று எழுதினார்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். மறுநாள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் ஆய்வகக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதல்வரே வந்து நின்றார். கையில் காகிதங்கள்.

"என் செய்தியில கொஞ்சம் சேர்த்திருக்கேன்."

கொஞ்சம் என்பது, ஏற்கெனவே இருந்ததில் பாதி. வெளிப்படைத்தன்மை என்ற தலைப்பில் ராத்திரி திடீரென்று சிந்தனை ஊறியதாம். 'இந்தப் பள்ளியில் எதுவும் மறைக்கப்படுவதில்லை' என்று தொடங்கியது.

"சார், யாரும் ஒரு புள்ளியைக்கூட—"

"யாருங்கறது உங்களை. டைப் பண்ணுங்க."

கட்டம் டைப் அடித்தாள். முதல் பக்கப் பெட்டியின் மூலையில் சிவப்பு எரிந்தது. வெளிப்படைத்தன்மை முழுவதும் பஸ் ஸ்டாப்பில் நின்றது.

"சார், எடம் பத்தல. உங்க படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா—" என்றேன்.

அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று அவர் முகம் சொன்னது. "எழுத்தைச் சின்னதாக்குங்க."

"அப்ப இந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியா—"

"மேடம். ஒரே எழுத்து, ஒரே அளவு. சுற்றறிக்கை போட்டவனே அதை மீறினா ஊர் சிரிக்கும். எந்திரிம்மா, நானே பண்றேன். இதென்ன பிரம்ம வித்தையா? ஸ்டைல்னு ஏதோ இருக்குமே, உங்க கிளாஸை ஒருநாள் வெளிய நின்னு கேட்டேன்."

கட்டத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். 'உடல்' என்ற பெயரைத் தேடிப் பிடித்துத் திறந்தார். அதுவரை சரியாகத்தான் செய்தார் என்பதை ஆசிரியை என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

பன்னிரண்டு என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. நான் கட்டத்தைப் பார்த்தேன். அவள் மூச்சுவிடுவதை நிறுத்தியிருந்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நல்ல ஆசிரியை என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தேன். விளக்கினேன்.

"சார், இந்த ஸ்டைலை மாத்தினா உங்க பக்கம் மட்டும் மாறாது. எட்டுப் பக்கமும் மாறும். எழுத்து சின்னதானா வரியெல்லாம் சுருங்கும். எல்லாப் பெட்டியிலயும் எடம் காலியாகும். எங்கயாவது எடமில்லாம எழுத்து நின்னுட்டிருந்தா—"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"இல்ல சார். அது எப்படி வேலை செய்யுதுன்னா—"

"வேலை செஞ்சா போதும். எப்படிங்கறது எனக்கு வேண்டாம்."

பதினொன்று போட்டுப் பார்த்தார். பத்து போட்டார். வெளிப்படைத்தன்மை இன்னும் முழுசாக வரவில்லை. ஒன்பதரை என்று அடித்து என்டரைத் தட்டினார். முதல் பக்கத்தில் சிவப்பு அணைந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் வெற்றியோடு. "அவ்வளவுதான் விஷயம்."

"சார், மத்த பக்கங்களையும் ஒருதரம் பார்த்துடுங்க. இல்ல, முழுசா ஒரு பிரிண்ட் எடுத்து—"

"கையெழுத்துப் போட்ட பக்கத்தை எத்தனை தடவை பார்க்கிறது? முதல் பக்கம் மட்டும் ஒண்ணு எடுங்க, தாளாளருக்குக் காட்டணும். மீதியை அப்படியே அனுப்புங்க. அப்படியேன்னா அப்படியே!"

அவர் போய்விட்டார். கட்டம் மெதுவாக ஆறாம் பக்கத்துக்குப் போனாள். எழுத்துக்கள் ஒடுங்கி உட்கார்ந்து இடம் விட்டிருந்தன. ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் வரிசை மாறாமல் ஏறியிருந்தார்கள். மூலையில் சிவப்பு இல்லை. கடைசி முற்றுப்புள்ளிவரை வந்து, கீழே ஒரு வரிக்கு இடமும் மிச்சமிருந்தது.

"மிஸ்…" என்றாள். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"சார் என்ன சொன்னாரு?"

"அப்படியேன்னா அப்படியேன்னாரு."

"பின்ன என்ன? பெரியவங்க பேச்சைத் தட்டலாமா?"

அனுப்பினேன்.

பெற்றோர் கூட்டம் நடந்த அரங்கில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். ஒன்பதரைப் புள்ளியில் எட்டுப் பக்கம். அப்பாக்கள் கையை நீட்டிப் பார்த்தார்கள், மடக்கிப் பார்த்தார்கள், பிறகு விசிறிக்கொண்டார்கள். அம்மாக்கள் பிள்ளைகளின் பெயர் வந்திருக்கிறதா என்று தேடினார்கள். யாருமே எதையும் படிக்காமல் போய்விடுவார்களோ என்று கட்டம் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய அம்மா, மடியில் கைப்பையோடு. பக்கத்தில் தங்கை, கையில் நிறைந்த பாட்டிலோடு.

அந்தக் கவலையை முதல்வர் தீர்த்துவைத்தார்.

மேடையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். முதல்வர் மைக்கைப் பிடித்து, பத்திரிகை பிறந்த வரலாற்றைச் சொன்னார். அதில் அவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. பிறகு, "நான் என் செய்தியை வாசிக்கப்போவதில்லை" என்றார் அடக்கமாக. "மாணவர்களின் குரல்தான் முக்கியம். எல்லாரும் ஆறாம் பக்கத்தைத் திருப்புங்கள். நம் பள்ளியின் வசதியைப் பற்றி ஒரு மாணவியே எழுதியிருக்கிறார்."

அரங்கம் முழுக்கக் காகிதம் சரசரத்தது. என் முழங்கையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

முதல்வர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். எழுத்து சின்னது அல்லவா, பத்திரிகையை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு வரிக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நல்ல கணீர்க் குரல்.

"'சுவர் முழுவதும் வெள்ளை ஓடுகள். அவை தினமும் கழுவப்பட்டுக் கண்ணாடி போல் மின்னுகின்றன. ஆனால் எந்தக் கதவிலும் தாழ்ப்பாள்—'"

நின்றார். மைக் மட்டும் உம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் அங்கேயே இருந்தது. கதவில்தான் இல்லை.

"நேரமின்மையால்…" என்று தொடங்கினார்.

"'தாழ்ப்பாள் இல்லை'" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் படித்து முடித்தது. கட்டத்தின் அம்மா எழுந்து நின்றிருந்தார். கடைக் கவுன்டரில் பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. "'ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் பலர் போவதே இல்லை. போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதே இல்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அவள் என் தங்கை.'"

 பின்வரிசையில் ஒரு பெண் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, நீயுமா?" மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு பக்கத்தில், "எங்க வீட்டுலயும் பாட்டில் அப்படியேதாங்க வருது. நான் சோம்பேறித்தனம்னு திட்டிட்டிருந்தேன்" என்றது ஒரு குரல். விசிறிக்கொண்டிருந்த அப்பாக்கள் விசிறியைப் பிரித்து ஆறாம் பக்கத்தைத் தேடினார்கள்.

தாளாளர் முன்னால் குனிந்து, மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, முதல்வரிடம் கேட்டார்: "இதை நீங்க பார்த்துதானே அனுப்புனீங்க?"

கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது. பார்க்கவில்லை என்றால் பத்திரிகை அவருடையது இல்லை. பார்த்தேன் என்றால் கட்டுரை அவருடையது. முதல்வர் ஒரு நிமிடம் திரையில் நிற்கும் கர்சர் போலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்துதான் சார் அனுப்பினேன்" என்றார் கடைசியில். "இங்க எதையும் மறைக்கறதில்ல. அதைத்தான் முதல் பக்கத்துல எழுதியிருக்கேன்."

கைதட்டல் அப்படியொன்றும் பலமாக இல்லை. நான் பலமாகத் தட்டினேன்.

கூட்டம் கலையும்போது கட்டத்தின் அம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளே ஸ்க்ரூ டிரைவர். தாழ்ப்பாள்களும் இருந்தன. இந்த முறை கமிட்டி குறுக்கே வரவில்லை. தாளாளரே கூட நடந்துபோய்க் கதவுகளைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவும் உள்ளிருந்து மூடியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்கள், திறந்தார்கள், மறுபடி போட்டார்கள். உலோகம் உலோகத்தில் விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நடையில் நின்றேன்.

மறுநாள் விசாரணை என்னிடம் வந்தது.

"யார் மாத்தினது மேடம்?"

"நீங்கதான் சார். ஸ்டைலை மாத்தினா எட்டுப் பக்கமும்—"

"தெரியும், தெரியும்" என்றார் அவசரமாக. முதல்முறையாக அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். "அடுத்த இதழ்ல தாழ்ப்பாள் திட்டத்தைப் பத்தி நான் ஒரு செய்தி எழுதறேன். எப்படி இந்த யோசனை எனக்கு வந்துச்சுன்னு. ஒரு தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டு நிக்கிற மாதிரி படம் ஒண்ணு எடுத்துடுங்க."

படம் எடுத்தோம். கலர் எடுத்தான். தாழ்ப்பாள் தெளிவாக விழுந்திருந்தது.

இப்போது அடுத்த இதழ் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கட்டத்தின் தங்கை இடைவேளையில் ஆய்வகத்துக்கு வருகிறாள். பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "அக்கா, தண்ணி தீந்துபோச்சு" என்று காலிப் பாட்டிலை அக்காவின் கீபோர்டுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டு ஓடுகிறாள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் கட்டம் அவளைத் திட்டுவதில்லை.

நேற்று முதல்வர் ஆய்வகத்துக்கு வந்தார். அவருடைய செய்தி நீளம்தான். முன்னுரையே ஒரு பக்கம். இந்த முறை படம் பெரிது என்பதால் பெட்டியில் முன்னுரை மட்டும்தான் ஏறியிருந்தது. கட்டத்தின் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார்.

"அந்த மூலையில என்னம்மா சிவப்பா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"விளக்கம் வேண்டாம் மேடம். பிரிண்ட்ல வருமா, வராதா?"

"வராது சார்" என்றாள் கட்டம்.

"அப்ப சரி" என்றார்.